கயிறு பிடிக்கும் முன்



புது வீடு கட்டுகிறவர்கள் பங்குசுவாமியாரிடம் இரண்டு தரம் வருவது வழக்கம். முதல் தரம் கல் போடுவதற்கு நாள் கேட்க வருகிறார்கள். இரண்டாம் தரம், வேலையெல்லாம் முடிந்து, வீட்டை மந்திரிக்க வரவேண்டுமென்று அழைப்புக் கடிதத்தோடு வருகிறார்கள். இவ்விரண்டு நாளுக்கும் முந்தின நாள் ஒன்று உண்டு. மேஸ்திரியோ இஞ்சினீயரோ காகிதத்தின்மேல் கோடு போட்டு, "இது ஹால், இது சமையல்கட்டு, இது படுக்கையறை" என்று பிரிக்கிற நாள் அது. அன்றைக்குச் சுவாமியாரை நினைப்பார் ஒருவருமில்லை. ஆனாலும் அந்த வீட்டார் இனி முப்பது நாற்பது வருஷம் ஒருவரோடொருவர் எப்படி வாழப்போகிறார்கள் என்பது பெரும்பாலும் அந்தக் காகிதத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆகையால் இந்த வாரம் அதைப்பற்றி உங்களோடு பேசலாமென்றிருக்கிறேன்.

"வீட்டுப் பிளானுக்கும் வேதத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். உபாகமம் என்னும் வேதபுத்தகத்தின் 22-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். புது வீடு கட்டுகிறவன் மாடிக்குச் சுற்றிலும் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும், யாராவது அதிலிருந்து விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி அவன் வீட்டின்மேல் வரும் என்று சர்வேசுரன் இஸ்ராயேல் ஜனங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறார். அந்த வீடு எத்தனை அறையுள்ளதாயிருக்க வேண்டும், முகப்பு எப்படியிருக்க வேண்டும் என்று அங்கே ஒரு வார்த்தையுமில்லை. விழக்கூடியவன் யார் என்று கட்டுமுன் யோசித்துப் பார் என்பதே கட்டளை.

நான் இன்று சொல்ல வந்ததும் இதுதான். வீட்டின் பிளானை, அந்த வீட்டில் எல்லாரிலும் பலவீனராயிருப்பவரிலிருந்து போடத் தொடங்குங்கள். அநேகர் தலைகீழாகச் செய்கிறார்கள். தெருவில் போகிறவர் பார்க்கும் முகப்பையும், விருந்தாளி உட்காரும் ஹாலையும் முதலில் வரைந்துவிட்டு, மீதியுள்ள இடத்தில் வீட்டாரை அடைக்கிறார்கள். கடைசியாக மிஞ்சுகிற மூலை வயதான தாயாருக்கு.

நான் இதை ஊகத்தினால் எழுதவில்லை. வியாதிக்காரருக்கு நன்மை கொண்டுபோகிற குருவானவருக்கு, வீட்டின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் நன்றாகத் தெரியும். தேக்குக் கதவும் பளபளக்கும் தரையுமுள்ள ஹாலைக் கடந்து, மாடிப்படிக்குக் கீழே அரிசி மூட்டைக்கும் காலி சிலிண்டருக்கும் நடுவில் போட்ட கயிற்றுக் கட்டிலண்டைக்கு என்னை அழைத்துப்போவார்கள். அங்கே ஜன்னலிராது. மேசையிராது; நற்கருணைப் பாத்திரத்தை வைக்க ஒரு ஸ்டூலைத் தேடிக்கொண்டு வருவார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் கெட்டவர்களல்ல. தாயாருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடும் மருந்தும் தவறாமல் கொடுக்கிறார்கள். கோடு போட்ட நாளில் தாயார் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாள். ஆகையால் அவளுக்கென்று ஒரு கோடும் விழவில்லை. வேறொரு வீட்டில் தகப்பனார் மாடியறையில் இருப்பார். முழங்கால் பிடித்துக்கொண்டதிலிருந்து கீழே இறங்கவில்லை; பூசைக்கு வந்து பல மாதமாயிற்று.

அர்ச். இராயப்பருடைய வீட்டை நினைத்துப் பாருங்கள். கப்பர்நாவும் ஊரில் நமதாண்டவர் அவருடைய வீட்டுக்குப் போனபோது, அவருடைய மாமியார் காய்ச்சலாய்ப் படுத்திருந்தாள் என்று சுவிசேஷம் சொல்லுகிறது. மனைவியின் தாயாருக்கு அந்த வீட்டில் படுக்க இடமிருந்தது. சேசுநாதர் கிட்டே போய்க் கையைப் பிடித்துத் தூக்கிவிடவும் இடமிருந்தது. 1968-ஆம் ஆண்டு முதல் பிரான்சிஸ்கு சபைக் குருக்கள் அங்கே தோண்டிப் பார்த்து, ஆதிக் கிறிஸ்தவர்கள் இராயப்பருடைய வீடென்று வணங்கிவந்த கட்டிடத்தைக் கண்டறிந்திருக்கிறார்கள். அது முற்றத்தைச் சுற்றிச் சிறு அறைகளாகக் கட்டின சாதாரண மீன்பிடிகாரர் வீடு. அப்போஸ்தலர்களின் தலைவர் வீட்டில் மாமியாருக்கு இடமிருந்ததென்றால், நம்முடைய வீட்டில் இராதா?

ஆகையால் முதலாவது, கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறை வையுங்கள். அதிலிருந்து பத்தடி தூரத்துக்குள் கழிப்பறை இருக்கட்டும். இன்று அது தாயாருக்கு, நாளைக்கு உங்களுக்கு. கழிப்பறையின் கதவு இரண்டரை அடிக்குக் குறையாமல், கூடுமானால் 3 அடி இருக்கட்டும். அப்பொழுதுதான் ஒருவர் பிடித்துக் கூட்டிப்போக முடியும், சக்கரநாற்காலியும் நுழையும். நிலைப்படியைக் காலில் இடறும்படி உயர்த்த வேண்டாம். வழவழப்பான டைல்ஸை அங்கே ஒட்டாதீர்கள். நனைந்த தரையில் ஒரு கிழவர் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் பல நேரம் அதுவே அவருக்குக் கடைசிப் படுக்கையாகிவிடுகிறது. கைப்பிடிச் சுவரைப்பற்றிச் சர்வேசுரன் சொன்னது இதற்கும் பொருந்துமல்லவா? வாசலில் படிகளோடு ஒரு சரிவுப் பாதையும் வையுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு. இடமில்லாவிட்டால் படிகளையாவது தாழ்வாக்கி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போடுங்கள். மாடிப்படி ஒவ்வொன்றும் ஏழரை அங்குலத்துக்குமேல் உயராமலும், கால் வைக்கிற அகலம் 10 அங்குலத்துக்குக் குறையாமலும் இருக்கட்டும். மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரை மூன்றேகால் அடிக்குக் குறைத்துக் கட்டாதீர்கள்; பட்டம் விடுகிற பிள்ளை பின்னால் பார்த்து நடக்காது.

இரண்டாவது, சமையல்கட்டு. வீட்டுத் தலைவன் பிளானைப் பார்க்கிறான், சமைக்கிறவளைக் கேட்பதில்லை. நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் நெருப்பண்டையில் நிற்கிறவள் அவள். 2016-ஆம் ஆண்டுத் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, சமையலறை 5 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 54 சதுர அடிக்குக் குறையக்கூடாது என்கிறது. அது குறைந்தபட்ச அளவு. புழுக்கமுள்ள நம் கடற்கரைப் பக்கங்களில் ஓர் அறையின் தரையளவில் ஆறிலொரு பங்காவது ஜன்னலாயிருக்க வேண்டுமென்றும், வறண்ட வெப்பமுள்ள உள்நாட்டில் பத்திலொரு பங்காவது இருக்க வேண்டுமென்றும் அதே தொகுப்பில் கண்டிருக்கிறது. சமையல் மேடையின் உயரத்தைக் கொத்தனாருடைய வழக்கத்துக்கு விட்டுவிடாமல், சமைக்கிறவளை நிற்கச் சொல்லி, அவளுடைய முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே குறியிடுங்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை, முதுகுவலியோ மிச்சமாகும்.

வளர்ந்த பெண்பிள்ளைகள் உடை மாற்றுவதற்கும் தூங்குவதற்கும் கதவு போட்ட ஓர் இடம் அவசியம். இதைப் பெற்றோர் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கற்பொழுக்கத்தைப்பற்றிப் பிரசங்கம் செய்வதற்குமுன், அதைக் காத்துக்கொள்ளச் சுவரும் தாழ்ப்பாளும் கொடுப்பது பெற்றோருடைய கடமை.

மூன்றாவது, ஹால். சூனேம் ஊரில் ஒரு பெண்மணி, எலிசேயு தீர்க்கதரிசி அடிக்கடி அவ்வழியாய்ப் போவதைக் கண்டு, தன் புருஷனிடம் சொல்லி அவருக்கென்று மாடியில் ஒரு சிறு அறை கட்டினாளென்று அரசராகமத்தில் வாசிக்கிறோம். அதில் அவள் போட்டு வைத்தவை நான்கே சாமான்: கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு. சர்வேசுரனுடைய மனிதருக்கு அவ்வளவு போதுமாயிருந்தது. நம் வீட்டில் படிக்கிற பிள்ளைக்கும் அதே நான்கு போதும். ஆனால் எத்தனையோ வீடுகளில் சோபாவுக்கு இடமிருக்கிறது, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு மூலையில்லை. வருஷத்தில் பத்து நாள் வருகிற விருந்தாளிக்காக வீட்டில் பாதியை ஒதுக்காதீர்கள். ஹாலை, வீட்டார் எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடவும், இரவில் ஒன்றாய் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லவும் போதுமான அளவாகப் போடுங்கள். எத்தனை பேர் முழந்தாளிட வேண்டுமோ அதுவே அளவு. திரு இருதயப் படத்துக்கும் மாதா சுரூபத்துக்கும் பீடம் எங்கே என்பதைப் பிளானிலேயே குறித்துவிடுங்கள். வீடு முடிந்தபிறகு இடம் தேடினால், அது டெலிவிஷனுக்கு மேலேயோ மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயோதான் கிடைக்கும்.

நான்காவது, திசையும் வாஸ்துவும். இதைப்பற்றி ஞானஸ்நானம் பெற்ற வீடுகளிலும் பயமிருக்கிறது. வெயிலையும் காற்றையும் பார்த்துத் திசை குறிப்பது புத்தியுள்ள காரியம். மேற்குச் சுவர்தான் பிற்பகல் வெயிலையெல்லாம் வாங்குகிறது. ஆகையால் மாடிப்படியையும் சாமான் அறையையும் அந்தப் பக்கம் தள்ளி, படுக்கிற அறைகளைக் காப்பாற்றுங்கள். எதிரெதிராய் ஜன்னல் வைத்தால் ஒரு பக்கம் நுழைகிற காற்று மறுபக்கம் போகும். இவையெல்லாம் நம் முன்னோர் அனுபவத்தினால் அறிந்தவை. ஆனால், இந்த மூலையில் வாசல் வைத்தால் தலைப்பிள்ளைக்கு ஆகாது, அந்த மூலையில் கிணறிருந்தால் வம்சம் அழியும் என்று பயந்து, தாயாருக்குப் பக்கத்திலிருந்த கழிப்பறையைக் கொண்டுபோய்க் கொல்லைக் கோடியில் கட்டுவது முதற் கற்பனைக்கு விரோதம், பிறர்சிநேகத்துக்கும் விரோதம். நம்முடைய உயிர் செங்கல்லின் கையிலில்லை. நம்மைச் சிருஷ்டித்தவருடைய கையிலிருக்கிறது.

ஐந்தாவது, செலவு. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து, முடிக்கத்தக்க பொருள் தன்னிடமுண்டோவென்று கணக்குப் பார்ப்பானென்று நமதாண்டவர் லூக்காஸ் சுவிசேஷத்தில் சொல்லியிருக்கிறார். முதலில் உட்காரச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். நாமோ முதலில் அஸ்திவாரம் தோண்டுகிறோம், பிறகு உட்காருகிறோம். ஜன்னல் மட்டத்தோடு நின்று, கம்பி துருப்பிடித்து, சுவரில் ஆலஞ்செடி முளைத்த வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கடனையும் பிளானோடு சேர்த்தே பாருங்கள். 10 லட்ச ரூபாயை வருஷத்துக்கு 9 சதவிகித வட்டிக்கு, 20 வருஷத் தவணையில் வாங்கினால், மாதந்தோறும் சுமார் 9,000 ரூபாய் கட்ட வேண்டும். கடைசியில் கட்டின மொத்தம் 21 லட்சத்து 59 ஆயிரத்துக்கு மேலாகும். ஒரு ரூபாய் அறைக்கு இரண்டு ரூபாய்க்குமேல் கொடுக்கிறோம் என்பது இதன் பொருள். பாங்கியில் வாங்குவதே இப்படியென்றால், தனியாரிடம் கந்துவட்டிக்கு வாங்குவதைப்பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வேண்டாத ஓர் அறையைப் பிளானிலிருந்து எடுத்துவிடுகிறவன், பிள்ளையின் படிப்புக்கான பணத்தை மீட்டுக்கொள்கிறான். பிளான் முழுமையாயிருக்கட்டும், கட்டுவது படிப்படியாயிருக்கலாம். மேல்மாடியைத் தாங்கத்தக்க அஸ்திவாரமும், படிக்கட்டுக்கு இடமும் விட்டு, இப்போதைக்குக் கீழ்த்தளத்தை மட்டும் முடித்துக் குடிபோவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

லாரி பேக்கர் என்னும் கட்டிடக்கலைஞரைப்பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1917-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, தொழுநோயாளருக்கான இல்லங்களைக் கட்டுவதில் தொடங்கி, கேரளத்தில் ஏழை எளியோருக்கு அநேக வீடுகள் கட்டினவர். திருவனந்தபுரத்திலுள்ள லொயோலா சிற்றாலயமும் அவருடைய வேலை. 2007-ஆம் ஆண்டு காலமானார். செங்கலைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்குகிற "எலிப்பொறிக் கட்டு" முறையை அவர் பரப்பினார். அதனால் செங்கல் ஏறக்குறைய நாலிலொரு பங்கு மிச்சமாகும். நடுவிலுள்ள காற்று வெயிலின் சூட்டையும் தடுக்கும். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக்கொண்டே வீடு கட்டவேண்டுமென்ற காந்தியடிகளின் எண்ணத்தை அவர் அடிக்கடி எடுத்துச் சொல்வார். நம்முடைய மேஸ்திரிகளுக்கு இந்த முறை தெரியுமா என்று விசாரியுங்கள்.

செலவைக் குறைக்கலாம், கூலியைக் குறைக்கலாகாது. அநியாயத்தினால் தன் வீட்டையும் மேலறைகளையும் கட்டி, அயலானைக் கூலியில்லாமல் வேலைவாங்குகிறவனுக்கு எரேமியாஸ் தீர்க்கதரிசி ஐயோ கேடென்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது அரசனைப் பார்த்து. சனிக்கிழமை மாலையில் சித்தாளுக்குக் கொடுக்க வேண்டியதை, "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளிவிட்டு எழுப்புகிற சுவரின்மேல் நான் எவ்வளவு தீர்த்தம் தெளித்தாலும் அந்தக் கறை போகாது. அப்படியே, அயலானுடைய எல்லையில் அரையடி தள்ளி வைக்கிற சுவரும், அவன் வாசலில் விழும்படி விடுகிற கூரைத் தண்ணீரும். எத்தனை சகோதரர்கள் ஓரடி நடைபாதைக்காகப் பேச்சுவார்த்தையின்றி வருஷக்கணக்காய் ஒரே பீடத்தண்டை வந்து நன்மை வாங்காமல் போகிறார்கள்! பாகம் பிரிக்கிறபோதே பொதுவழியைக் காகிதத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள்.

இவையெல்லாம் சிறு மனையில் ஆகுமோ என்பீர்கள். கணக்குப் பார்ப்போம். 3 சென்டு என்பது ஏறக்குறைய 1,307 சதுர அடி. 30 அடி அகலமும் நாற்பத்துமூன்றரை அடி நீளமுமுள்ள மனை என்று வைத்துக்கொள்வோம். அதில் 24-க்கு 30 அடி வீடு, மொத்தம் 720 சதுர அடி. முன்னால் 5 அடித் திண்ணை. இடப்பக்கம் 12-க்கு 14 அடியில் ஹால். அதற்குப் பின்னால் 12-க்கு 9 அடியில் சமையல்கட்டு. வலப்பக்கம் முன்னால் ஒன்பதரை அடிச் சதுரத்தில் பெரியவர்களுடைய அறை, அதையொட்டி 4 அடி அகலத்தில் கழிப்பறையும் குளிப்பிடமும், அதற்குப் பின்னால் ஒன்பதடிக்குக் குறையாத இன்னொரு படுக்கையறை. மாடிப்படி வெளியே. வீட்டைச் சுற்றி எவ்வளவு இடம் விடவேண்டுமென்பதைப் பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ கேட்டு, அதற்கேற்ப இதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். பெரியவர்களின் அறையைத் திண்ணைப் பக்கம் வைத்ததற்குக் காரணமுண்டு. ஜன்னல் வழியாய்த் தெருவையும், கோயிலுக்குப் போகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருக்கிற கிழவிக்குப் பொழுது போகும்; போகிறவர்களும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள்.

மழைநீரையும் மறவாதீர்கள். 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. மேலே சொன்ன வீட்டுக் கூரையின்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 670 லிட்டர் தண்ணீர் விழுகிறது. அதைத் தெருவில் ஓடவிட்டுவிட்டு, கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்பது பெண்களல்லவா?

நசரேத்தூரில், மங்களவார்த்தைப் பேராலயத்துக்கு அருகில், 2009-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு பழைய வீட்டைத் தோண்டிக் கண்டெடுத்தார்கள். சேசுநாதர் வாழ்ந்த காலத்தை ஒட்டிய வீடு அது. அதில் இரண்டு அறை, ஒரு முற்றம், மழைத்தண்ணீரைச் சேர்த்துவைக்கப் பாறையில் வெட்டின ஒரு தொட்டி. அது யாருடைய வீடென்று சொல்ல முடியாது. ஆனால் திருக்குடும்பத்தின் அயலார் எப்படிப்பட்ட வீட்டில் வாழ்ந்தார்களென்று அதனால் தெரிகிறது. கிரேக்க மொழிச் சுவிசேஷத்தில் அர்ச். சூசையப்பருடைய தொழிலைக் குறிக்கிற "தெக்தோன்" என்னும் சொல், மரவேலை செய்கிறவரையும் வீடு கட்டுகிற தொழிலாளியையும் சேர்த்தே குறிக்கும். ஆகையால் வீடு கட்டுகிறவர்கள் அவரைப் பாதுகாவலராக வேண்டிக்கொள்வது மிகவும் பொருத்தமே.

முடிவாக ஒரு வேலை சொல்லுகிறேன். வீடு கட்ட உத்தேசமுள்ளவர்கள், காகிதத்தில் பிளான் வந்தவுடன் கையெழுத்திட்டுவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, குடும்பமாக மனைக்குப் போங்கள். ஒரு படி சுண்ணாம்புத் தூள் கொண்டுபோய், பிளானிலுள்ளபடி தரையில் கோடு போடுங்கள். சமைக்கிறவளை அடுப்பண்டையில் நிற்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் தாங்கள் படிக்கப்போகிற இடத்தில் உட்காரட்டும். எல்லாரும் ஹாலில் முழந்தாளிட்டு ஓர் அருள்நிறைந்த மந்திரம் சொல்லிப் பாருங்கள். இடம் போதுமா என்று தெரிந்துவிடும். பிறகு தாயாரைக் கைபிடித்து, அவளுடைய கட்டில் வருகிற இடத்திலிருந்து கழிப்பறை வருகிற இடம்வரைக்கும் நடக்கச் சொல்லுங்கள். எத்தனை அடி, எத்தனை திருப்பம், எத்தனை படி என்று எண்ணுங்கள். அவள் சிரமமில்லாமல் போய்வந்தால் கயிறு பிடியுங்கள். இல்லாவிட்டால் காலால் கோட்டை அழித்துவிட்டு வேறு போடுங்கள்; சுண்ணாம்புக் கோட்டை அழிப்பது எளிது, சுவரை இடிப்பது எளிதல்ல.

அப்படிக் கட்டின வீட்டை மந்திரிக்க என்னை அழையுங்கள். முதலில் அந்தப் பெரியவர்களுடைய அறைக்கே தீர்த்தம் தெளிப்பேன். சர்வேசுரன் உங்கள் வீட்டையும் அதில் வாசம்பண்ணுகிற எல்லாரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குசுவாமி